கணக்கில் ஏறாத விரல்கள்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவருக்குச் சாரல் முகத்தில் படுவதற்கு முன்பே மரத்தூள் வாசனை எட்டிவிடும். ஆரியங்காவு கணவாய் வழியாக மலையாளத்து மரம் இறங்கி வந்த பாதை இது. பின்னாளில் தூத்துக்குடித் துறைமுகத்து வெளிநாட்டு மரமும் இங்கே வந்து சேர்ந்தது. அறுவை மில்லில் தடியை டிராலியில் ஏற்றி ரம்பத்துக்கு நேரே நகர்த்துகிறவர் ஒருவர். மறுபக்கம் நின்று பலகையை வாங்குகிறவர் ஒருவர். ரம்பத்துக்கும் வாங்குகிறவரின் கைக்கும் நடுவே சில நேரம் ஒரு சாண் இருக்கும், சில நேரம் நாலு விரற்கடை. இந்த மில்களில் இருபது வருடம் நின்றவர்கள் டீ கிளாஸைப் பிடிக்கும்போது கையைப் பாருங்கள். முழுசாகப் பத்து விரல் உள்ள கைகளை எண்ணிச் சொல்லிவிடலாம்.

எனக்குப் பழக்கமான ஒரு மில்லில், பெயர் வேண்டாம், முப்பது வயதுத் தொழிலாளி ஒருவருக்கு ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது. துண்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது முதலாளி அவர் காதோரம் குனிந்து சொன்னார்: "வீட்டுல வெறகு கீறும்போது பட்டுருச்சுன்னு சொல்லிரு. செலவெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்." இவரும் "சரி மொதலாளி" என்றார். ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி கொடுத்தார், பொய் சொல்லவில்லை. இரண்டு மாதம் அரைச் சம்பளமும் கொடுத்தார். அந்த மில்லுக்குத் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுப் பாலிசி இல்லாமலும் இல்லை. ஆனால் பாலிசியில் ஆறு பேர், மில்லில் பதினோரு பேர். விரல் போனவர் ஏழாவது ஆள்.

அந்த விரல் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏறாத விரல் ஒவ்வொன்றும் அடுத்த ஆண்டு அந்த மில்லுக்கும் பக்கத்து மில்லுக்கும் காப்பீட்டு நிறுவனம் சொல்லப்போகும் விலைக்குள் சத்தமில்லாமல் புகுந்துகொள்கிறது. தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டின் பிரீமியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது, அந்தக் கணக்குக்குப் புள்ளிவிவரம் எங்கிருந்து வருகிறது, எங்கே வராமல் போகிறது என்று இந்த மரமில்களில் நின்றபடியே பார்க்க முயல்கிறேன்.

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் காப்பீடு விற்பது சட்டம் சுமத்திய பொறுப்பைத்தான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923இல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. அது பிரிட்டிஷ் இந்தியாவுக்கான சட்டம். அப்போது தென்காசி சென்னை மாகாணம், சில மைல் தள்ளியிருந்த செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஒரே மரம், ஒரே ரம்பம், ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் அறுந்த விரலுக்கு இருந்த சட்டம் அந்தப் பக்கத்து விரலுக்கு இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2010 ஜனவரி முதல் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருந்த ஆண்பாற்சொல் போய், பொதுவாக ஊழியரைக் குறிக்கும் சொல் வந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தபோது, 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு இதைத் தன்னுள் எடுத்துக்கொண்டது. கணக்கிடும் முறையின் எலும்புக்கூடு மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

அந்த எலும்புக்கூடே ஒரு புள்ளிவிவர வேலைதான். வேலையில் ஒருவர் இறந்தால் மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை அவர் வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தரமாக முழுச் செயலிழப்பு என்றால் 60 சதவீதம். காரணி எண் 30 வயதுக்கு 207.98, 40 வயதுக்கு 184.17, 50 வயதுக்கு 153.09. இன்னும் எத்தனை மாதம் உழைத்திருப்பார், அந்த வருமானத்தை இன்றே மொத்தமாகக் கொடுத்தால் என்ன மதிப்பு என்ற கேள்விக்கான விடை அந்தத் தசமப் புள்ளிக்குள் இருக்கிறது. கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு உச்சவரம்பும் உண்டு: 2020 ஜனவரி முதல் 15,000 ரூபாய். உறுப்பு இழப்புக்குத் தனி அட்டவணை. கட்டைவிரல் 30 சதவீதம், ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, சுண்டுவிரல் 7. நான் சொன்ன தொழிலாளிக்கு 15,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால், 9,000ஐ 207.98ஆல் பெருக்கி அதில் 11 சதவீதம்: 2,05,900 ரூபாய். அவருக்குக் கிடைத்தது ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாதச் சம்பளமும்.

இந்த அட்டவணை சராசரியின் மொழி. தபலா வாசிக்கிறவரின் விரலும் கணக்கெழுதுகிறவரின் விரலும் அதில் ஒன்று. சராசரி தவறும் இடத்தைக் காட்ட உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தந்த ஒரு தீர்ப்பை நினைவுகூர வேண்டும். சினிமா தியேட்டர் ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் கீழே விழுந்து இடது கையை இழந்தார். அட்டவணைப்படி அது முழு இழப்பு அல்ல. ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்றார் இழப்பீட்டு வழக்கை விசாரித்த ஆணையர். நீதிமன்றம் அதை ஏற்றது. விபத்து நடந்த நாளிலேயே இழப்பீடு கொடுக்கும் கடமை பிறந்துவிடுகிறது என்றும் சொன்னது. பிரீமியம் கணக்குப் போடுகிறவருக்கு இது சாதாரணச் செய்தி அல்ல. அட்டவணையில் குறைவாக இருக்கும் காயம் தீர்ப்பில் நூறாகலாம் என்பதை அவர் தன் சராசரிக்குள் கொண்டுவந்தாக வேண்டும்.

இனி விலை. இந்தப் பாலிசிக்குப் பிரீமியம் தலைக்கு இவ்வளவு என்று போடுவதில்லை. சம்பளத் தொகையில் ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்பதுதான் வழக்கு. ஆண்டின் தொடக்கத்தில் முதலாளி உத்தேசச் சம்பளத்தை எழுதிக் கொடுக்கிறார். ஆண்டு முடிவில் உண்மையில் கொடுத்த சம்பளத்தைப் பார்த்து ஏற்ற இறக்கம் செய்ய வேண்டும். சம்பளத்தை அளவுகோலாக வைத்ததற்குக் காரணம் உண்டு. ஆள் எத்தனை, எத்தனை நாள் வேலை, ஒருவருக்கு அடிபட்டால் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு என்ற மூன்றையும் அந்த ஒரே எண் ஓரளவு காட்டிவிடும். பிறகு வேலையின் வகை. ரம்பத்தில் நிற்பவருக்கு ஒரு விகிதம், லாரியில் ஏற்றி இறக்கும் சுமைத் தொழிலாளிக்கு ஒரு விகிதம், கல்லாவில் பில் போடுகிறவருக்கு மிகக் குறைந்த விகிதம். விகிதம் எங்கிருந்து வருகிறது? அதே வகை வேலையில் கடந்த ஆண்டுகளில் கொடுத்த இழப்பீட்டுத் தொகையை, அதே ஆண்டுகளின் மொத்தச் சம்பளத்தால் வகுப்பதிலிருந்து. நிர்வாகச் செலவு, ஏஜென்ட் கமிஷன், எதிர்பாராததற்கு ஒரு பாதுகாப்பு எல்லாம் அதன்மேல் ஏறும்.

ஒரு மனக்கணக்கு போடுவோம். இது புரிந்துகொள்வதற்கு மட்டும், யாருடைய புள்ளிவிவரமும் அல்ல. நாற்பது மில், மில்லுக்குப் பத்து பேர், தலைக்கு மாதம் 15,000. ஆண்டுச் சம்பளம் மொத்தம் 7 கோடியே 20 லட்சம். ஆண்டுக்கு எட்டு விரல் விபத்து, சராசரியாக ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் என்றால் 12 லட்சம். ஐந்து ஆண்டுக்கு ஓர் உயிரிழப்பு. 35 வயதுக்காரர் என்றால் 14,77,950 ரூபாய், ஆண்டுக்குப் பங்கு சுமார் 3 லட்சம். ஆக 15 லட்சம். 7.20 கோடியால் வகுத்தால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 21 ரூபாய். இதுதான் ரம்பத்தின் உண்மையான விலை.

இப்போது எட்டில் ஆறு விபத்து விறகு கீறியதாக மாறிவிட்டது என்று வையுங்கள். ஏட்டில் இருப்பது இரண்டு விரலும், மறைக்க முடியாத அந்த மரணமும். 6 லட்சம்தான் இழப்பு. ஆயிரத்துக்கு 8 ரூபாய் சில்லறை. ரம்பம் அப்படியேதான் ஓடுகிறது, ஆபத்து மட்டும் காகிதத்தில் ஐந்தில் மூன்று பங்கு குறைந்துவிட்டது. கூடவே பத்து பேரை ஐந்தாகக் காட்டினால் கீழே வகுக்கும் தொகையும் பாதியாகி, விகிதம் 17 ரூபாய்க்குப் பக்கத்தில் மறுபடி ஏறும். பார்ப்பதற்கு உண்மைக்கு அருகில் வந்துவிட்ட மாதிரி தோன்றும். வரவில்லை. மேலே ஒரு பொய், கீழே ஒரு பொய். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு நேராகிவிடும் என்று நம்பி யாரும் விலை வைக்க முடியாது.

இதில் யாருக்கு நஷ்டம்? பத்து பேரையும் எழுதி, அடிபட்ட ஒவ்வொருவருக்கும் கிளைம் போடுகிற ஒரு முதலாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். பிரீமியம் அவருக்குப் பக்கத்து மில்லைப் போல இரட்டிப்பு. அதோடு போகவில்லை. கிளைம் எண்ணிக்கையைப் பார்க்கும் அதிகாரிக்கு, ரம்பத்துக்குக் காப்புத் தகடு போட்டு வைத்திருக்கிற அவருடைய மில்தான் ஆபத்தான மில்லாகத் தெரியும். புதுப்பிக்கும்போது அவருக்குக் கூடுதல் விதிப்பார்கள், மறைத்தவருக்குத் தள்ளுபடி. ஒரு கன அடி பலகைக்கு விலை சொல்லும்போது அவர் தோற்பார். அவரைத் தோற்கடித்த விலையில் பெரும் பகுதி இன்னொருவரின் விரல்.

ஒரு மில்லின் அனுபவத்தை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்வியிலிருந்துதான் காப்பீட்டுக் கணிதத்தின் ஒரு கிளையே முளைத்தது. அமெரிக்க மாநிலங்கள் 1911 முதல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டங்களை வரிசையாகக் கொண்டுவந்தபோது, காப்பீட்டு நிறுவனங்களிடம் விலை வைக்கத் தேவையான எண்கள் இல்லை. அந்த நெருக்கடியில்தான் 1914 நவம்பரில் நியூயார்க்கில் விபத்துக் காப்பீட்டுக் கணிதர்களின் சங்கம் பிறந்தது. அந்தச் சங்கத்தின் முதல் தொகுதியிலேயே ஆல்பர்ட் மௌப்ரே எழுப்பிய கேள்வி: எவ்வளவு சம்பளத் தொகை சேர்ந்தால் அதிலிருந்து வரும் விகிதத்தை நம்பலாம்? 1918இல் ஆல்பர்ட் விட்னி அதை மேலும் கொண்டுபோனார். ஒரு தொழிலகத்தின் சொந்த அனுபவத்துக்கு ஒரு பங்கு எடை, அந்த வகைத் தொழில் முழுவதின் அனுபவத்துக்கு மீதி எடை. தொழிலகம் பெரிதாகப் பெரிதாகச் சொந்த அனுபவத்தின் பங்கு கூடும். நம்பகத் தன்மைக் கோட்பாடு என்று இதைச் சொல்கிறார்கள். ஊர்ப்பக்கம் மாப்பிள்ளை விசாரிக்கிற மாதிரிதான் இது. பையனை ஒரு நாள் பார்த்தவர் சொல்வதைவிட, குடும்பத்தை முப்பது வருடமாகப் பார்த்தவர் சொல்வதற்கு எடை அதிகம்.

அந்த மரபில் நெடுங்காலம் புழங்கும் ஓர் எண் 1,082. எண்ணிக்கை தற்செயலால் ஐந்து சதவீதத்துக்கு மேல் பிசகாது என்று பத்தில் ஒன்பது தடவை சொல்ல வேண்டுமானால், சுமார் 1,082 விபத்துகளின் அனுபவம் வேண்டும். அதைவிடக் குறைவாக இருந்தால் வர்க்கமூலக் கணக்கில் எடை குறையும். என் மனக்கணக்கின் நாற்பது மில்களை எடுங்கள். ஐந்து ஆண்டில் விரல் விபத்து நாற்பது. 40ஐ 1,082ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.19. அதாவது தென்காசியின் சொந்த அனுபவத்துக்கு 19 சதவீத எடைதான், மீதி 81 சதவீதம் வெளியூர் மில்களின் சராசரி. ஏட்டில் பத்து விபத்துதான் ஏறியது என்றால் எடை 10 சதவீதத்துக்கும் கீழே. விபத்தை மறைப்பது விலையைத் திரிப்பதோடு நிற்பதில்லை. இந்த வட்டாரம் தன்னைப் பற்றித் தானே பேசும் குரலையும் பாதியாக்கிவிடுகிறது. அதனால்தான் பத்து பேர் வேலை செய்யும் மில்லின் முதலாளி "அஞ்சு வருசமா நமக்கு ஒரு கிளைமும் இல்ல, கொறைங்க" என்று கேட்கும்போது அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தாலும் கணிதம் இல்லை. பத்து பேரின் ஐந்து வருட அமைதி எதையும் நிரூபிக்காது.

இந்தியாவில் இந்த விலை நீண்ட காலம் ஒரே இடத்தில் தீர்மானிக்கப்பட்டது. கட்டண ஆலோசனைக் குழு வகுத்த பட்டியல்தான் நாடு முழுவதற்கும். பொதுக் காப்பீடு தேசியமயமான 1973க்குப் பிறகு நெடுங்காலம் விற்றவையும் அரசு நிறுவனங்களே. எந்த ஊரில் ரம்பம் ஓடினாலும் வகை ஒன்று, விகிதம் ஒன்று. 2007 ஜனவரி 1 அன்று தீ, பொறியியல், வாகனச் சேதக் காப்பீடுகளோடு சேர்த்துத் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் இந்தக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். அன்று முதல் ஒவ்வொரு நிறுவனமும் தன் விலையைத் தானே வைக்கலாம். ஆபத்துக்கு ஏற்ற விலை என்பது அதன் வாக்குறுதி. ஆனால் ஏற்ற விலை வைக்க ஏற்ற தரவு வேண்டும். அதைத் தொகுப்பதற்கென 2009இல் காப்பீட்டுத் தகவல் பணியகம் அமைந்தது. பொதுக் காப்பீட்டு வியாபாரத்தில் மருத்துவமும் மோட்டாரும்தான் மலை. அவற்றின் பக்கத்தில் தொழிலாளர் இழப்பீடு ஒரு கூழாங்கல். மலைக்குக் கிடைக்கும் கவனம் கூழாங்கல்லுக்குக் கிடைப்பதில்லை. வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதனால் சாலை விபத்துக்குத் தரவு குவிகிறது. தொழிலாளர் இழப்பீடு தருவது கட்டாயம், அதற்குக் காப்பீடு எடுப்பது 1923 சட்டத்தில் கட்டாயமாக இருந்ததில்லை. எடுத்தவர்களின் அனுபவம் மட்டுமே ஏட்டில் ஏறுகிறது. பயந்தவர், வங்கிக் கடனுக்காகவோ ஒப்பந்தத்துக்காகவோ எடுத்தவர், இவர்களை வைத்துத்தான் எல்லாருடைய ஆபத்தையும் அளக்கிறோம்.

பழைய எண்ணை இன்றைக்குப் பயன்படுத்துவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கணக்கிடும் சம்பள உச்சவரம்பு 2010 மே வரை 4,000 ரூபாய், பிறகு 8,000, 2020 முதல் 15,000. 2018இல் நடந்த ஒரு மரணத்துக்குக் கொடுத்த தொகையை இன்றைய விலைக்கு ஆதாரமாக எடுத்தால் கிட்டத்தட்டப் பாதித் தொகையை வைத்து விலை போடுகிறோம் என்று பொருள். ஒவ்வொரு பழைய கிளைமையும் இன்றைய சட்டத்தின்கீழ் நடந்ததாக வைத்து மறுபடி கணக்கிட வேண்டும். தாமதம் இன்னொரு தலைவலி. இழப்பீட்டு ஆணையர் முன் வழக்கு, மேல்முறையீடு என்று ஆண்டுகள் ஓடும். 1923 சட்டம் 12 சதவீத வட்டியும், காரணமில்லாத தாமதத்துக்கு 50 சதவீதம் வரை அபராதமும் சொன்னது; அவற்றை ஏற்க மாட்டோம் என்று பாலிசியில் எழுதிக்கொள்ள நிறுவனத்துக்கு இடமுண்டு என்று 2006இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே ஓர் ஆண்டின் உண்மையான இழப்பு அந்த ஆண்டு முடிந்ததும் தெரியாது. தென்காசிக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. மாவட்டம் பிறந்ததே 2019 நவம்பர் 22. அதற்கு முந்தைய எண்களெல்லாம் திருநெல்வேலியின் பெயரில் புதைந்து கிடக்கின்றன.

மரமில்களை மட்டும் சொல்லி இந்த மாவட்டத்தை முடித்துவிட முடியாது. கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கம் வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் முறத்தை மடியில் வைத்து பீடி சுற்றுகிறார்கள். புகையிலைத் தூசியும் குனிந்த முதுகும் ஒரு நாளில் நடக்கும் விபத்து அல்ல. கைக்கு வரும் கூலி எண்ணிக்கைக்கு; இடையில் ஏஜென்ட். அந்த இருமல் எந்த முதலாளியின் சம்பள ஏட்டில், எந்த வகையில் ஏறும்? கல்குவாரியிலும் கிரஷரிலும் தூசி சுவாசித்தவருக்கு வரும் சிலிகோசிஸ் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. நோய் வெளியே தெரிய வருவதற்குள் அவர் நாலு குவாரி மாறியிருப்பார், பாலிசிகள் பல தடவை காலாவதி ஆகியிருக்கும். இன்றைய பிரீமியம் இருபது ஆண்டு கழித்து வரப்போகும் நோய்க்கும் சேர்த்து வாங்கப்பட வேண்டும். அதற்கு வேண்டிய எண் அடிபட்டவர்களை எண்ணி வராது. நெஞ்சை எக்ஸ்ரே எடுத்துத்தான் வரும்.

செங்கோட்டைக் கணவாயில் புகுந்து குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே காற்றுதான் ஆலங்குளம், சுரண்டைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. காற்றாலையில் ஏறி வேலை செய்பவர் சிலர்தான். விழுந்தால் பிழைப்பது அரிது. விபத்து அபூர்வம், தொகை பெரிது. மரமில் இதற்கு நேர் எதிர்: விபத்து அடிக்கடி, தொகை சிறிது. இரண்டுக்கும் ஆண்டுச் சராசரி ஒன்றாகவே வந்தாலும் ஒரே மாதிரி விலை வைக்கக் கூடாது, ஏனென்றால் ஒன்றின் சராசரியை ஐந்து ஆண்டில் கண்டுபிடித்துவிடலாம், மற்றதற்கு ஐம்பது ஆண்டு போதாது. பக்கத்து மாவட்டத்துச் சிவகாசியைப் பார்த்தால் இது இன்னும் கசப்பாகத் தெரியும். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஒரே பட்டாசு ஆலையில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பல ஆண்டு அமைதியை ஒரு மதியம் தின்றுவிட்டது. அப்படிப்பட்ட தொழிலுக்குச் சராசரி மட்டும் வழிகாட்டினால் நிறுவனம் மூழ்கும், அதோடு அந்தக் குடும்பங்களின் இழப்பீடும் மூழ்கும்.

குற்றாலத்துக்கு வருவோம். ஜூன் பிறந்து பேரருவியிலும் ஐந்தருவியிலும் தண்ணீர் விழத் தொடங்கியதும் லாட்ஜுகளிலும் ஓட்டல்களிலும் ஆட்கள் கூடிவிடுவார்கள். சீசன் வேலைக்கு வருகிற பையன்களுக்குத் தினக்கூலி, சாப்பாடு, படுக்க ஒரு மூலை. ஈரப் படிக்கட்டில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்குவது, கொதிக்கும் எண்ணெய் தெறிப்பது, பரோட்டாக் கல்லில் முன்கை படுவது எல்லாம் இங்கே அன்றாடம். ஆண்டுச் சம்பளத்தை வைத்து ஆபத்தை அளக்கும் முறைக்கு இந்த மூன்று மாதக் கூட்டம் பிடிபடுவதே இல்லை. முதலாளி எழுதிக்கொடுப்பது சீசன் இல்லாத மாதத்தின் ஆள் எண்ணிக்கையை. தற்காலிகக் கூலி என்ற காரணத்தால் சட்டத்திலிருந்து விலக்கிவைத்த சொற்களை 2000ஆம் ஆண்டின் திருத்தமே நீக்கிவிட்டது. ஆகவே அந்தப் பையனுக்கும் உரிமை உண்டு, அது அவனுக்குத் தெரியாது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கோ முதலாளியே கிடையாது. எந்தச் சராசரியிலும் அவர் இல்லை. பழைய குற்றாலத்தில் 2024 மே 17 அன்று திடீர் வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தபோது செய்தி நாடெங்கும் போனது. அந்தப் பாறைகளுக்குப் பக்கத்தில் தினமும் வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

செங்கல் சூளைக்கும் மில்லுக்கும் வருகிற ஒடிசா, பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடிபட்டால் காயம் ஆறுவதற்குள் ரயிலேறிவிடுகிறார்கள். கோரிக்கை வைக்க இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது, ஆனால் மொழி தெரியாத ஊருக்கு மூன்று நாள் பயணம் செய்து வந்து வழக்கு நடத்த யாரால் முடியும்? அவர்களுடைய காயம் அவர்களோடே போய்விடுகிறது.

பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று கேட்கலாம். 1948 சட்டம்; 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கியது. அங்கே பிரீமியக் கணக்கே வேறு. 2019 ஜூலை முதல் சம்பளத்தில் 4 சதவீதம், முதலாளி 3.25, தொழிலாளி 0.75. ரம்பத்துக்கும் ரெடிமேட் துணிக் கடைக்கும் அதே விகிதம். ஆபத்தைப் பார்த்து விலை வைக்காத இந்த முறையை நான் மதிக்கிறேன். பலவீனமானவரின் சுமையைப் பலர் சேர்ந்து தூக்குவது அது. ஆனால் ஏட்டில் பத்தாவது பெயர் ஏறாமல் பார்த்துக்கொள்கிற இடத்தில் அந்தக் கதவும் திறக்காது.

காப்பீட்டு விலையால் விபத்தைக் குறைக்க முடியுமா என்பதற்கு வெளிநாட்டு அனுபவம் ஒரு பதில் சொல்கிறது. 1884இல் ஜெர்மனி தொழில்வாரியாக முதலாளிகளைச் சங்கங்களாகச் சேர்த்து விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. ஒருவர் மில்லில் நடக்கும் விபத்துக்கு மற்றவரும் பணம் கட்ட வேண்டும் என்று ஆனபோது, ஒருவர் ரம்பத்தை இன்னொருவர் எட்டிப்பார்க்கத் தொடங்கினார். சங்கமே பாதுகாப்பு ஆய்வாளர்களை வைத்துக்கொண்டது. அமெரிக்க முறையில் ஒரு தொழிலகத்தின் சொந்த விபத்து வரலாற்றைக் கொண்டு பிரீமியத்தை ஏற்றி இறக்கும்போது, ஒவ்வொரு விபத்தின் தொகையிலும் முதல் பகுதிக்கே முழு எடை கொடுக்கிறார்கள். விளைவு: ஒரு பெரிய விபத்தைவிடப் பத்துச் சிறிய விபத்துகள் விலையை அதிகம் ஏற்றும். பெரிய விபத்து பெரும்பாலும் தற்செயல். அடிக்கடி நடக்கும் சின்னக் காயம்தான் அந்த இடத்தின் குணம். நம் மில்களில் மறைவது எது? அந்தச் சின்னக் காயம்தான். எதை வைத்து ஆபத்தை அளக்க வேண்டுமோ அதையே முதலில் தொலைக்கிறோம்.

எண்ணுவதற்குச் சட்டத்தில் வழி இல்லாமல் போகவில்லை. தொழிற்சாலைச் சட்டப்படி 48 மணி நேரம் வேலைக்கு வரமுடியாத காயத்தைத் தெரிவிக்க வேண்டியிருந்தது. இழப்பீட்டுச் சட்டம் மரணத்தையும் கடுங்காயத்தையும் ஏழு நாளுக்குள் தெரிவிக்கச் சொன்னது. எத்தனை விபத்து, எவ்வளவு கொடுத்தோம் என்ற ஆண்டறிக்கையையும் கேட்டது. மாநிலங்கள் அனுப்புவதைத் தொகுத்துத் தொழிலாளர் பணியகம் வெளியிடுகிறது. அனுப்பாத மாநிலங்களின் இடம் வெற்றிடம். இப்போது புதிய தொகுப்புச் சட்டத்தில் மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பு 10 பேரிலிருந்து 20 ஆகிவிட்டது. தென்காசியின் மில்களில் பல அந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கும். இன்னொரு பக்கம், வேலைக்குப் போகும், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தும் வேலையோடு தொடர்பிருந்தால் இழப்பீட்டுக்கு உரியது என்று சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு சொல்கிறது. விடியற்காலை நாலு மணிக்கு ஒரே பைக்கில் மூன்று பேராகச் சூளைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய உரிமை. அதற்கு விலை வைக்கப் பழைய அனுபவம் எதுவும் கையில் இல்லை. ஒரு பக்கம் பொறுப்பு விரிகிறது, மறு பக்கம் எண்ணிக்கை சுருங்குகிறது.

புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை என்பது என் எண்ணம். அடிபட்டவர் முதலில் போவது தென்காசிப் பெரியாஸ்பத்திரிக்கு, கை மோசமென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு. இரண்டு இடத்திலும் விபத்துப் பதிவேடு இருக்கிறது, ஏ.ஆர். காப்பி என்று எல்லாரும் சொல்வது அதன் நகலைத்தான். ரம்பத்தில் அறுபட்ட விரலையும் அரிவாளில் வெட்டுப்பட்ட விரலையும் பார்த்தவுடன் பிரித்துச் சொல்லக்கூடிய டாக்டர்கள் அங்கே உண்டு. பெயரை நீக்கிவிட்டு, எந்த ஊர், எந்தக் கருவி, எந்த உறுப்பு என்று மட்டும் அந்தப் பதிவேட்டிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கட்டும். அதை ஆணையர் அலுவலகத்துக் கோப்புகளோடும் காப்பீட்டு நிறுவனங்களின் கிளைம் பட்டியலோடும் ஒப்பிட்டால், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் எத்தனை பேர் ஏட்டுக்கு வந்தார்கள் என்பது ஒரே ஆண்டில் தெரிந்துவிடும். அந்த ஒரு விகிதம் கையில் இருந்தால், மறைந்திருக்கும் விபத்தையும் சேர்த்து விலை வைக்கலாம், மறைக்காத முதலாளியைத் தண்டிக்காமலும் இருக்கலாம். மரமில் உரிமையாளர்கள் சங்கமாகச் சேர்ந்து ஒரே குழுப் பாலிசி எடுத்தால் தென்காசி அனுபவத்துக்கு எடை கூடும். அப்போது ரம்பத்துக்குக் காப்புத் தகடு போடாதவரை மற்ற முதலாளிகளே போய்க் கேட்பார்கள்.

அந்த முப்பது வயதுக்காரரை மூன்று மாதம் கழித்து அதே மில்லில் பார்த்தேன். இடது கையால் பலகை வாங்கப் பழகிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று கேட்டேன். பதிவேட்டை வைத்திருந்த நர்ஸம்மா வெள்ளைத் துணியை அவிழ்த்து, விரலில் ஒட்டியிருந்த மரத்தூளைக் கழுவிவிட்டு, "எப்படிப்பா பட்டுச்சு?" என்று கேட்டாராம். இவர் விறகு என்றார். நர்ஸம்மா அவர் முகத்தையும் தட்டில் கிடந்த மரத்தூளையும் ஒரு தடவை பார்த்தார். பேனா கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றது. பிறகு விறகு என்றே எழுதினார்.